பரிசோதிக்கப்பட்ட ரம்பம்

சாவு பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதற்கு எங்கள் தெருவில் விலை ஒரு டப்பா காபி. மாதக் கடைசி என்றால் இரண்டு டப்பா. மழை பெய்து வேலை நடக்காத மாதமாக அமைந்துவிட்டால் ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ் வரைக்கும் ஏறும்.

ஒசாகாக்காரன் எதற்கும் விலை போடுவான் என்று தோக்கியோக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். என் அப்பா செம்பாவில் துணி மொத்த வியாபாரம் செய்தவர். கிழிந்த துணிக்குக்கூட கிழிசலைக் காட்டித்தான் விலை சொல்வார். ஆனால் இந்தச் சந்தையை எங்கள் ஆட்கள் தொடங்கவில்லை. கிஸு ஆற்றங்கரையில் முப்பது மாடிக் குடியிருப்பு எழுப்பிக்கொண்டிருந்த பெரிய நிறுவனத்தின் பாதுகாப்புத் துறை தொடங்கியது.

தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு குழுவும் மாதம் ஐந்து திடுக் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அடிபடவில்லை, ஆனால் படப் பார்த்தது: அதுதான் திடுக். ஐந்துக்குக் குறைந்தால் அந்தக் குழுவுக்குப் பாதுகாப்பு உணர்வு போதாது. ஐந்துக்கு மேல் போனால் அது ஆபத்தான குழு. ஆகவே கிஸு ஆற்றங்கரையில் சாவு மிக ஒழுங்காக நடந்துகொண்டது. மாதத்துக்கு ஐந்து முறை ஒவ்வொரு குழுவையும் எட்டிப் பார்த்துவிட்டு, இருபத்தைந்தாம் தேதிக்குள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும்.

சீட்டு எழுதுவதில் மின்கம்பிக் குழு கைதேர்ந்தது. தங்களுக்கு வேண்டிய ஐந்து போக மிச்சத்தை விற்றார்கள். 'படிக்கட்டில் கால் வழுக்கப் பார்த்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.' இதுதான் அதிகம் விலைபோன சரக்கு. அலுவலகமும் அதை விரும்பி வாங்கிக் கோப்பில் போட்டது. அந்தக் கட்டடத்தில் அப்போது படிக்கட்டே கட்டியிருக்கவில்லை.

என் கடை தளத்து வாசலுக்கு எதிரில். ரம்பத் தகடு, ஆணி, கையுறை, கயிறு விற்பேன். கருவிகள் பழுதானால் பார்ப்பேன். ஏப்ரலில் ஒரு நாள் மிசோபாத்தா தன் வட்ட ரம்பத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் மர வீடுகள் கட்டிய தச்சர். அவருக்கு வேலை கொடுத்துவந்த வீடு கட்டும் நிறுவனம் மூடிப்போனதால், கமோய் மேஸ்திரியின் சென்ட்ரிங் குழுவில் சேர்ந்திருந்தார். பெரிய தளம் அவருக்குப் புதிது. எழுதி ஒட்டியிருப்பதையெல்லாம் நின்று படிப்பார், பாவம்.

"வாங்க மிசோபாத்தா சான். சம்பாத்தியம் எப்படி?"

"ஏதோ ஓடுது முதலாளி. இதைக் கொஞ்சம் பாருங்க. மூடி விழ மாட்டேங்குது."

வட்ட ரம்பத்தில் தகட்டின் கீழ்ப்பாதிக்கு ஒரு மூடி உண்டு. மரத்துக்குள் தகடு இறங்கும்போது அது தானே பின்னுக்குப் போகும். அறுத்து முடித்ததும் ஸ்பிரிங் இழுத்து டப்பென்று மூடிக்கொள்ளும். விசையை விட்ட பிறகும் தகடு சற்று நேரம் சுழன்றுகொண்டேயிருக்கும். அந்தச் சற்று நேரத்துக்காகத்தான் மூடி.

ஸ்பிரிங்கைப் பார்த்தேன். புதுசு மாதிரி இருந்தது. மூடியை மேலே தூக்கிய நிலையில் உறையோடு சேர்த்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது.' அதன் மேல் அடுத்த மாதத்து ஸ்டிக்கர், வேறு நிறத்தில். அதன் மேல் இன்னொன்று.

"இது யார் ஒட்டினது?"

"அலுவலகத்துப் பையன்தான். மாசாமாசம் தகட்டைப் படம் எடுக்கணுமாம். மூடி இருந்தா தகடு தெரியாது. ஒரு கையில கேமரா, ஒரு கையில பேனா, மூடியைத் தூக்கிப் பிடிக்க மூணாவது கை இல்லை. அதான் ஸ்டிக்கரை வெச்சே பிடிச்சுக்கிட்டான்."

"மத்தவங்க ரம்பம்?"

"எல்லாமே இப்படித்தான். அவங்களுக்கு சந்தோஷம். முன்னாடி மரத்துண்டைச் சொருகி மூடியை நிறுத்திவெச்சிருந்தாங்களாம், வேகமா அறுக்கலாம்னு. பாதுகாப்பு ஆளு பாத்தா திட்டுவாராம். இப்ப அலுவலகமே ஒட்டிக் குடுத்துடுச்சு, தொல்லை விட்டுதுங்கறாங்க."

கத்தியை எடுத்து ஓரத்தைக் கிளப்பப் போனேன். மிசோபாத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் முதலாளி! கிழிச்சா அடியில 'செல்லாது'ன்னு எழுத்து வரும். செல்லாத ரம்பத்தை வாசல்லயே நிறுத்திடுவாங்க. என்னை மட்டுமில்ல, குழு பூராவையும்."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

"ரெண்டு விரக்கடை தள்ளி ஒட்டச் சொல்லிக் கேக்கப் போறேன். அவ்வளவுதானே வேணும்?"

அவ்வளவுதான் வேண்டும். அதற்குள் அவருக்கு ஒரு திடுக் வேறு வந்துவிட்டது. ப்ளைவுட் அறுத்துவிட்டு ரம்பத்தைப் பக்கத்தில் வைத்தபோது, நிற்காத தகடு தரையைக் கடித்துத் துள்ளி, கையுறை நுனியைக் கொண்டுபோனது. விரல் உள்ளே மடங்கியிருந்ததால் பிழைத்தது. அந்தத் தளத்தில் நிஜமாகவே வந்த முதல் திடுக் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் அதை உட்கார்ந்து அழகாக எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'ஸ்டிக்கர்' என்று போட்டார்.

மறுநாளே தள மேலாளர் குனியேதா கூப்பிட்டனுப்பினார். நான் கையுறை மூட்டை இறக்கப் போயிருந்தேன், இறக்குவதற்கு அவசரமில்லை.

"உக்காருங்க மிசோபாத்தா சான். சீட்டைப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

"நன்றிங்க."

"விஷயம்தான் கொஞ்சம்... நெசமா இருக்கு."

"நடந்ததைத்தானே சார் எழுதச் சொன்னீங்க?"

"நடக்கப் பார்த்ததை எழுதச் சொன்னோம். அதுவும் ஒரு தடவை நடக்கப் பார்த்ததை. இது தினம் நடக்கும் போலிருக்கே?"

"ஆமாங்க, தினம்தான். மூடி விழலையே."

"பாருங்க! தினம் நடந்தா மாசத்துக்கு எத்தனை சீட்டு ஆகும்? உங்க குழுவுக்கு அஞ்சுதான். அந்த அஞ்சையும் கமோய் மேஸ்திரி ஒண்ணாம் தேதியே கொண்டுவந்து குடுத்துட்டார்."

பக்கத்தில் நின்றிருந்த கமோய் மேஸ்திரி கூரையில் எதையோ தேடினார்.

"அப்ப எனக்கு வந்தது?" என்றார் மிசோபாத்தா.

"வந்தது, வரலைன்னு நான் சொல்லல. ஆனா இடமில்லை. சரி, ஆர்வமா எழுதியிருக்கீங்க, கமோய் சான் ஒண்ணைத் திரும்ப எடுத்துக்கிட்டா இதைச் சேத்துக்கறேன். ஆனா காரணத்தை மாத்தணும். 'ஸ்டிக்கர்'னு ஒரு காரணம் எங்ககிட்ட இல்லை. நாலுதான் இருக்கு. அவசரம், அசட்டை, தூக்கக் கலக்கம், வீட்டுக் கவலை. ஒண்ணுக்கு வட்டம் போடுங்க."

"எதுவும் இல்லையே சார்."

"வீட்டுக் கவலை இல்லாத மனுஷன் உண்டா? வீட்டம்மா சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"பையன்?"

"கியோத்தோல படிக்கிறான்."

"ரூம் வாடகை, சாப்பாடு, ரயில் டிக்கெட்டு... கவலைதானே?"

மிசோபாத்தா யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "கவலைதான்" என்றார்.

குனியேதா தானே வட்டம் போட்டுவிட்டார்.

"ஆனா சார், அந்த ஸ்டிக்கரை ரெண்டு விரக்கடை..."

"ஒட்டற இடம் தலைமை அலுவலகம் தீர்மானிச்சது. நாடு முழுக்க ஒரே இடம். நீங்க ஒருத்தர் தள்ளி ஒட்டினா, மத்தவங்க ரம்பமெல்லாம் தப்பா ஒட்டினதாயிடும். பாதுகாப்பான ரம்பங்கள் மேல சந்தேகம் வர்ற மாதிரி நடந்துக்கக் கூடாது, இல்லீங்களா? கவலைப்படாதீங்க, நடவடிக்கை எடுக்கறேன்."

எடுத்தார். மறு வாரமே பையன் வந்து மிசோபாத்தாவின் ரம்பத்தில் மஞ்சள் நிறத்தில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டினான். 'மூடி விழாது! கவனம்!' முதல் ஸ்டிக்கர்களின் மேலேயே ஒட்டினான், அழுத்தி, காற்றுக் குமிழி இல்லாமல். அதுவரை நன்றாகத் தட்டினால் ஓரளவு அசைந்துகொடுத்த மூடி, அன்றிலிருந்து அதையும் நிறுத்திக்கொண்டது.

குனியேதா கூப்பிட்டனுப்பிய அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் கமோய் மேஸ்திரி பொங்கிவிட்டார்.

"ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? நெசமா ஒண்ணு வந்தா முதல்ல என்கிட்ட சொல்ல வேண்டாமா? பைப்புக்காரனுக்கு மாசம் ரெண்டு சீட்டு குறையுது. உடோனுக்கு வித்திருப்பேன்!"

"விரலு போயிருக்கும் மேஸ்திரி."

"போகலைல்ல? போகாததுக்குத்தான்யா விலை. போனதை எவன் வாங்குவான்?"

அதற்குப் பிறகு மிசோபாத்தா தன் வழியில் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் ரம்பத்தைக் கீழே வைக்காமல், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தகடு முழுக்க நிற்கும்வரை அசையாமல் நிற்பார். தூரத்திலிருந்து பார்த்தால் கோயிலில் நிற்பது போலிருக்கும். ஒருநாளைக்குப் பத்துப் பலகை குறைவாக அறுத்தார். மேஸ்திரி அதற்கும் திட்டினார். ஆனால் விரல்கள் இருந்தன.

தினமும் காலையில் கூட்டம். வானொலி இசைக்குக் கையைக் காலை ஆட்டிவிட்டு, நானூறு பேரும் பாதுகாப்புச் சின்னமான பச்சைச் சிலுவைக் கொடியின் கீழ் வரிசையில் நின்று, விரலை நீட்டிச் சுட்டிக்காட்டிச் சத்தம் போட வேண்டும். "தலைக்கவசம், சரி! இடுப்புக் கொக்கி, சரி! ஸ்டிக்கர், சரி!" ஒவ்வொரு நாளும் ஒருவர் முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பார். மிசோபாத்தாவின் முறை வந்தது. அவர் தன் ரம்பத்தைத் தூக்கிக் காட்டினார்.

"ஸ்டிக்கர், சரி!" என்றார். நானூறு பேரும் சொன்னார்கள்.

"மூடி, சரியில்லை!" என்றார்.

பழக்கதோஷத்தில் பாதிப் பேர் அதையும் விரல் நீட்டிச் சொல்லிவிட்டார்கள். குனியேதா ஒலிபெருக்கியை வாங்கினார்.

"மிசோபாத்தா சான் இவ்வளவு உன்னிப்பா இருக்கறது நமக்கெல்லாம் பெருமை. ஆனா 'மூடி' நம்ம பட்டியல்ல இல்லை. பட்டியல்ல இல்லாததைச் சுட்டிக்காட்டினா, இருக்கறது மேல கவனம் குறைஞ்சுடும். இன்னொரு தடவை. ஸ்டிக்கர்?"

"சரி!"

அன்று சாயங்காலம் மிசோபாத்தாவுக்கு 'பாதுகாப்பு முன்னோடி' என்று எழுதிய பச்சைக் கைப்பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதைக் கட்டியவர் முறையிடக் கூடாது, மாதிரியாக இருக்க வேண்டும் என்பது விதி. வாயை அடைக்கத் துணி செலவழிக்கும் நிறுவனத்தை அன்றுதான் பார்த்தேன். நல்ல துணிதான், மீட்டர் கணக்கில் வாங்கியிருந்தால் நானே நல்ல விலை சொல்லியிருப்பேன்.

ஜூன் மாதம், எல்லார் வேலை நேரத்தையும் கூட்டினால், தளம் விபத்தில்லாமல் பத்து லட்சம் மணி நேரத்தை எட்டப் போகிறது என்று தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்புத் துறைத் தலைவர் ஷிகேமோரி வந்தார். கீறல் விழாத வெள்ளைத் தலைக்கவசம், வெள்ளைக் கையுறை. கூடவே ஒரு புகைப்படக்காரர். வாசலில் இருந்த பெரிய பலகையில் மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் தகடு கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் கடைசி வரிசையில் நின்றேன். ஷிகேமோரி பேசினார்.

"பாதுகாப்புங்கறது கண்ணுக்குத் தெரியணும். கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? யார்கிட்ட காட்டறது? ஸ்டிக்கர் இல்லாத ரம்பம் பெட்டிக்குள்ள தூங்கினாலும் ஆபத்து. ஸ்டிக்கர் உள்ள ரம்பம் எதை அறுத்தாலும் பாதுகாப்பு. நான் இந்தத் துறைக்கு வந்தப்போ வருஷத்துக்கு நாப்பது விபத்து. இப்ப சைபர். எல்லாரும் கேக்கறாங்க, ஷிகேமோரி சான், எப்படி சாதிச்சீங்கன்னு. நான் ஒரு ரம்பத்தையும் தொட்டதில்லை. எண்ணற முறையைத்தான் செம்மைப்படுத்தினேன்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சரக்கே இல்லாமல் கடை நடத்துகிற ஆளைக் கண்டால் எங்கள் குடும்பத்தில் எழுந்து நின்றுதான் தட்டுவோம்.

அடுத்த வருஷத்துப் பாதுகாப்பு நாள்காட்டிக்கு ஒரு படம் வேண்டும் என்றார். பாதுகாப்பு முன்னோடியைக் கூப்பிட்டார்கள். மிசோபாத்தா பலகையை மேசை மீது வைத்து, ரம்பத்தை எடுத்தார்.

"கோளாறு இருக்குங்க ஐயா, இந்த மூடி..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும், தெரியும். மஞ்சள் ஸ்டிக்கர்ல எழுதியிருக்கே. பிரமாதம். அறுங்க."

அறுத்தார். முடித்தார். விசையை விட்டார். வழக்கம்போல் இடது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. தகடு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"கையை ஏன் ஒளிச்சு வெச்சிருக்கார்? ஏதோ திருடினவர் மாதிரி இருக்கே" என்றார் புகைப்படக்காரர். "பலகை மேல வைங்க. ஆ, அப்படி. ஸ்டிக்கர் தெரியல. ரம்பத்தை இந்தப் பக்கம் சாய்ங்க."

"தகடு நிக்கட்டும்ங்க."

"சுத்தும்போதுதான் படம் உயிரோட இருக்கும்."

"இன்னும் கொஞ்சம் சாய்ங்க மிசோபாத்தா சான்" என்றார் குனியேதா. "தலைவருக்கு நேரமில்லை."

"இன்னும் கொஞ்சம்" என்றார் ஷிகேமோரி.

ஸ்டிக்கர் மிகத் தெளிவாகப் படத்தில் விழுந்தது. இடது கைச் சுட்டுவிரல் அடிக்கணுவோடு மரத்தூளில் விழுந்தது.

மிசோபாத்தா குனிந்து அதை எடுத்தார், கீழே விழுந்த பொருளைச் சொந்தக்காரர் எடுப்பது போல.

முதலில் வாய் திறந்தவர் ஷிகேமோரி. "பத்து லட்சம் ஆயிடுச்சா?"

குனியேதா பலகையைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள ஆயிடும் சார்."

"அப்ப மத்தியானம் வரைக்கும் எதுவும் நடக்கல."

ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை, அதன் சத்தம் தொழிலாளர் துறைக்குக் கேட்கும். கம்பெனி வண்டியிலும் ஏற்றவில்லை. அதில் கம்பெனி பெயர் எழுதியிருக்கும். என் கடை வேனில் ஏற்றினார்கள். ஆற்றைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கேள்வி கேட்பார்கள் என்று, கேள்வி கேட்காத மருத்துவர் ஒருவரைத் தேடிச் சக்காய் நகரம் வரைக்கும் ஓட்டச் சொன்னார்கள். நெரிசல். பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் வேனைத் திருப்பினேன். மிசோபாத்தாவே வேண்டாம் என்றார், மேஸ்திரிக்கு அடுத்த வேலை போய்விடும் என்று. ஐஸ் பெட்டியில் விரல் எங்களோடு வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் இங்கே விரலை ஒட்டவைக்க வசதி இல்லை என்று சொல்லிக் காயத்தைத் தைத்துவிட்டார். எனக்குக் கொடுக்க வேண்டிய வேன் வாடகையை 'கருவி பழுது' என்று பில் போடச் சொன்னார்கள்.

சாயங்காலம் குனியேதா வந்தார், கையில் ஒரு முலாம்பழமும் ஒரு கோப்பும். கமோய் மேஸ்திரி கட்டிலோரம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வலி எப்படி இருக்கு மிசோபாத்தா சான்?"

"வலிக்குதுங்க."

"பேசத் தெம்பிருக்கு, நல்லது. தலைமை அலுவலகத்துல எல்லாருக்கும் நல்லது வர்ற மாதிரி ஒரு வழி பண்ணியிருக்காங்க. விபத்துன்னு எழுதினா பத்து லட்சமும் சைபர் ஆயிடும். மேஸ்திரிக்கு அடுத்த தளம் கிடைக்காது. அவருக்குக் கிடைக்காட்டி உங்களுக்கும் இல்லை. அதனால நடக்காததை மட்டும் எழுதறோம்."

"நடக்காததுன்னா?"

"உங்களுக்கு எத்தனை விரல்?"

"பத்து."

"இப்ப?"

"ஒம்பது."

"அந்த ஒம்பதும் போகப் பார்த்துச்சு, இல்லையா? போகலை. ஒம்பது திடுக்." குனியேதா கோப்பைத் திறந்தார். ஒன்பது சீட்டும் தட்டச்சில் தயாராக இருந்தன. பெருவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, தனித்தனியாக. "கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

கமோய் மேஸ்திரி தலையைத் தூக்கினார். "அஞ்சுக்கு மேல போனா ஆபத்தான குழும்பீங்களே சார்?"

"அதையும் யோசிச்சாச்சு. ஒண்ணாம் தேதி குடுத்ததை நீங்க திரும்ப எடுத்துக்கிட்டா, இந்த மாசம் அஞ்சு. மிச்சம் நாலு அடுத்த மாசக் கணக்குல."

"அப்ப அடுத்த மாசம் ஒண்ணு குறையுதே."

மூவரும் ஒரு கணம் மிசோபாத்தாவின் கையைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் நான்தான், விற்பவன் குணம் போகாது.

"அந்த ஒண்ணு?" என்றார் மிசோபாத்தா.

"எந்த ஒண்ணு?"

"போனதுங்க."

"அதுக்குச் சீட்டு கிடையாதுங்க" என்றார் குனியேதா, நிஜமான வருத்தத்தோடு. கடையில் இல்லாத அளவைக் கேட்டுவிட்ட வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி.

மிசோபாத்தா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி முலாம்பழத்தைப் பார்த்தார். மிசோபாத்தா பேனாவை வாங்கி ஒன்பது சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு கையை நீட்டினார்.

"வெத்துச் சீட்டு ஒண்ணு குடுங்க. குறையறதையும் நானே எழுதிடறேன்."

குனியேதாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "இதுதாங்க மனசு!"

மிசோபாத்தா நேரமெடுத்து, முத்து முத்தாக எழுதினார். எழுதியதைத் திருப்பிக் கொடுத்தார். நான் எட்டிப் படித்தேன்.

'இன்று மாலை, மருத்துவமனையில், என் வலது கை ஐந்து விரலும் சேர்ந்து தள மேலாளர் குனியேதாவின் கன்னத்தில் விழப் பார்த்தது. இதுவரை விழவில்லை.'

குனியேதா படித்தார். மறுபடியும் படித்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு அதை மற்ற ஒன்பதோடு சேர்த்து, ஓரம் தட்டி நேராக்கிக் கோப்பில் வைத்தார்.

"சரியா வந்துடுச்சு" என்றார்.

வந்துதான் இருந்தது. இந்த மாதம் ஐந்து. அடுத்த மாதம் ஐந்து. விபத்து, சைபர். பாக்கி: ஒரு விரல், ஓர் அறை.